வங்கி கொடுப்பது 8.7 லட்சம், குடும்பம் தாங்குவது 4 லட்சம்: கோலாலம்பூரில் ஒரு தம்பதிக்கு எந்த விலை வீடு?

கணவனும் மனைவியும் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் முப்பது வயதைச் சற்றே தாண்டியிருக்கிறது. மொத்தச் சம்பளம் 9,300 ரிங்கிட். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சோக்சோ (சமூகப் பாதுகாப்பு), வருமான வரிப் பிடித்தம் எல்லாம் போக மாதம் கைக்கு வருவது சுமார் 8,000. காருக்கு 750, பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு 200 கட்டுகிறார்கள். வாடகை 1,300. இவர்கள் பார்த்து வைத்திருக்கும் வீடுகள் மூன்று: செந்தூலில் 4 லட்சம் ரிங்கிட்டுக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு, எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் 6 லட்சத்துக்குப் புது கொண்டோமினியம், ரவாங் பக்கம் 5.5 லட்சத்துக்குத் தரைவீடு. எதை வாங்கலாம்?

இந்தக் கேள்வியோடு பெரும்பாலானோர் முதலில் போவது வங்கிக்கு. அங்கே கிடைக்கும் பதில் தவறான பதிலல்ல. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். "கொடுத்த கடன் திரும்பி வருமா?" என்பது வங்கியின் கவலை. கடன் கட்டிய பிறகு வீட்டில் என்ன மிஞ்சும் என்பதைக் கணக்குப் போட வேண்டியவர்கள் நாம்தான்.

வங்கியின் கணக்கு

நிகர வருமானத்தில் எத்தனை விழுக்காடு கடன் தவணைகளுக்குப் போகிறது என்பதை வங்கிகள் டிஎஸ்ஆர் என்ற விகிதமாகப் பார்க்கின்றன. வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். 60 முதல் 70 வரை விடுவது வழக்கம். 8,000இல் 60 விழுக்காடு 4,800. காரும் கல்விக் கடனுமாக 950 கழித்தால் வீட்டுத் தவணைக்கு 3,850 மீதம். 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டு என்று வைத்தால் ஒரு லட்சம் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 443 ரிங்கிட். அந்தக் கணக்கில் 3,850க்கு 8.7 லட்சம் கடன் கிடைக்கும். 70 விழுக்காடு விடும் வங்கியில் 10.5 லட்சம் வரை போகும். அதாவது 9.6 லட்சம் முதல் 11.6 லட்சம் ரிங்கிட் வரையிலான வீட்டுக்கு இந்தத் தம்பதி தகுதி பெறுகிறார்கள்.

இந்தக் கணக்கில் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் கொடுக்கும் பணம் வராது. குழந்தை பராமரிப்பாளருக்குக் கொடுப்பது, கொண்டோவின் பராமரிப்புக் கட்டணம், டோல், பெட்ரோல், தீபாவளிச் செலவு, தங்கச்சி கல்யாணத்துக்குப் போட வேண்டிய நகை எதுவும் வராது. ஒருவரின் கடன்களைப் பட்டியலிடும் சிசிரிஸ் அறிக்கையில் பதிவாகும் கடன்கள்தான் வங்கியின் கண்ணில் படும். கடன் அட்டை பாக்கி இருந்தால் அதில் 5 விழுக்காட்டை மாதத் தவணையாக எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டின் கணக்கு

இதைப் பின்னாலிருந்து போட வேண்டும். 8,000இல் கார், கல்விக் கடன் 950. இரண்டு பக்கப் பெற்றோருக்கும் சேர்த்து 700. சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், இணையம், பெட்ரோல் 2,000. குழந்தை பிறந்ததும் பராமரிப்பாளருக்கு 900. குழந்தை இன்னும் இல்லாவிட்டாலும் இந்தத் தொகையை இப்போதே எழுதிவிடுங்கள். மருத்துவ அட்டை, ஆயுள் காப்புறுதி 400. சேமிப்பு 700. கூட்டினால் 5,650. வீட்டுக்கென்று மிஞ்சுவது 2,350. சேமிப்பைக் கடைசி வரியில் போட்டு "மிஞ்சினால் பார்க்கலாம்" என்று விட்டவர்களுக்கு வீடு வாங்கிய முதல் ஆண்டிலேயே அந்த வரி காணாமல் போகும். அதனால்தான் சேமிப்பும் செலவுப் பட்டியலுக்குள்ளேயே நிற்கிறது.

அடுத்தது வட்டி. மலேசியாவில் வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டியில் ஓடுபவை. இந்த வட்டியை ஏற்றி இறக்கும் பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதமான ஓபிஆர் 2020 ஜூலையில் 1.75 விழுக்காட்டில் இருந்தது. 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கி ஓராண்டில், 2023 மே மாதத்தில், 3 விழுக்காட்டைத் தொட்டது. 2025 ஜூலையில் 2.75க்கு இறங்கியது. ஓராண்டுக்குள் 1.25 ஏறியது நம் கண்முன்னே நடந்தது. 35 ஆண்டில் அது மறுபடி நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே 4 விழுக்காட்டில் வாங்குகிறவர் 5.25 விழுக்காட்டிலும் தவணையைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது ஒரு லட்சத்துக்கு 443 என்பது 521 ஆகிறது.

மிஞ்சும் 2,350இல் பராமரிப்பு, வரிகளுக்கு 300 ஒதுக்கினால் தவணைக்கு 2,050. அதை 521ஆல் வகுத்தால் கடன் ஏறக்குறைய 3.94 லட்சம். 10 விழுக்காடு முன்பணத்தோடு வீட்டு விலை 4.37 லட்சம். வங்கி காட்டிய குறைந்தபட்ச 9.6 லட்சத்தில் பாதிகூட இல்லை. கஸானா ஆய்வுக் கழகம் வைத்திருக்கும் அளவுகோல் இதைவிடக் கடுமை: குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால்தான் வீடு கட்டுப்படியாகும் விலை. 9,300 சம்பளத்துக்கு அது 3.35 லட்சம்தான். நகருக்குள் அந்த விலைக்குத் தேடுவது கடினம். எனவே 4.4 லட்சத்தை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு அதற்குக் கீழே தேடுவதே சரி என்பது எங்கள் கருத்து.

மூன்று வீடுகளும் பக்கத்தில் பக்கத்தில்

எல்லாவற்றுக்கும் 90 விழுக்காடு கடன், 35 ஆண்டு. தொகை ரிங்கிட்டில்.

| | செந்தூல் பழைய அடுக்குமாடி | எம்ஆர்டி அருகே கொண்டோ | ரவாங் தரைவீடு |
|---|---|---|---|
| விலை | 400,000 | 600,000 | 550,000 |
| தவணை, 4% | 1,594 | 2,391 | 2,192 |
| தவணை, 5.25% | 1,875 | 2,812 | 2,578 |
| பராமரிப்பு, வரி, தீக் காப்புறுதி | 150 | 445 | 80 |
| கூடுதல் பயணச் செலவு | 0 | 0 | 466 |
| மாத மொத்தம், 4% | 1,744 | 2,836 | 2,738 |
| மாத மொத்தம், 5.25% | 2,025 | 3,257 | 3,124 |
| தொடக்கத்தில் தேவைப்படும் ரொக்கம், சுமார் | 53,000 | 93,000 | 85,000 |

மிஞ்சும் 2,350க்குள் அடங்குவது செந்தூல் வீடு மட்டும். வட்டி ஏறினாலும் 325 ரிங்கிட் மீதமிருக்கும். கொண்டோவுக்கு இன்றைய வட்டியிலேயே 486 குறைகிறது. வட்டி ஏறினால் 907 குறையும், சேமிப்பு 700ஐ முழுதாக நிறுத்தினாலும் போதாது.

கொண்டோவின் 445 எப்படி வருகிறது என்று பாருங்கள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக்கூடம், மூன்று அடுக்குக் காவல் உள்ள இடத்தில் சதுர அடிக்கு 35 சென் என்று வைத்தால் 1,000 சதுர அடிக்கு 350. அதில் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட், அதாவது கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி, சேர்ந்து 385. மீதி 60, மதிப்பீட்டு வரிக்கும், அடுக்குமாடி வீட்டுக்கான பார்சல் நில வரிக்கும். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுகள் போகப் போக ஏறுமே தவிர இறங்காது. கடன் முடிந்த பிறகும் அது நிற்காது.

தரைவீட்டுக்குப் பராமரிப்பு இல்லை என்று நிம்மதிப்படுபவர்கள் தூரத்தை மறந்துவிடுகிறார்கள். ஒரு வழிக்கு 40 கிலோமீட்டர், மாதம் 22 நாள் என்றால் 1,760 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர், லிட்டர் 2 ரிங்கிட் என்றால் பெட்ரோலுக்கு 246. டோல் ஒரு வழிக்கு 5 ரிங்கிட் என்றால் 220. ஆக 466. இந்தப் பணத்தைத் தவணையாகக் கட்டினால் 1.05 லட்சம் ரிங்கிட் கடனைத் தாங்கும். அதாவது 5.5 லட்சம் வீடு உண்மையில் 6.5 லட்சம் வீடு. இருவரும் வெவ்வேறு திசையில் வேலைக்குப் போனால் இரண்டாவது கார் வந்து நிற்கும், கணக்கு அங்கேயே முடிந்துவிடும். வேலை ரவாங், செலாயாங் பக்கமே இருப்பவர்களுக்கு 466 அடிபட்டுப் போகும், இந்தத் தரைவீடே நல்ல தேர்வாகிவிடும்.

கொண்டோவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். எம்ஆர்டிக்கு நடந்து போகும் தூரம் என்றால் காரையே விற்றுவிடலாம். ரேப்பிட் கேஎல்லின் மை50 மாதப் பயண அட்டை ஒருவருக்கு 50 ரிங்கிட். காரின் 750 தவணை குறைந்தால் 486 பற்றாக்குறை மறைந்துவிடும். ஆனால் இது கார் இல்லாமல் உண்மையிலேயே வாழப்போகிறவர்களுக்கு மட்டும். குழந்தை பிறந்து, பாட்டி வீடு கிள்ளானில் இருந்து, ஞாயிறுதோறும் போய்வர வேண்டுமென்றால் கார் திரும்பி வந்துவிடும்.

பினாங்கிலும் இதே கணக்குதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, ஜெலுத்தோங்கில் சின்ன அடுக்குமாடியா, புக்கிட் மெர்தாஜாமில் தரைவீடா என்ற கேள்விக்குப் பாலம்தான் பதில் சொல்லும். மாதப் பயணச் செலவில் கூடும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டும் 22,500 ரிங்கிட் கடனுக்குச் சமம் என்று பெருக்கிப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரி முதல் இரண்டு பாலங்களிலும் டோல் இல்லை. மோட்டாரில் போகிறவருக்கு அக்கரை வீடு அதனாலேயே கட்டுப்படியாகிறது.

ஒரு சம்பளம் நின்றால்

மகப்பேறு விடுப்பு 98 நாள், சம்பளத்தோடு. அதற்குப் பிறகு நல்ல பராமரிப்பாளர் அமையாமல் மனைவி ஆறு மாதம் வேலையை விட்டால்? கணவன் கைக்கு வரும் 4,300இல் கார், கல்விக் கடன் 950 போகட்டும். செந்தூல் வீட்டுக்கு 1,744 கட்டினால் 1,606 கையில் நிற்கும். நெருக்கடிதான், ஆனால் அரிசி பருப்பு வாங்கலாம். கொண்டோ என்றால் 514. தரைவீடு என்றால் 612. அதில் குழந்தைக்குப் பால் மாவு, டயப்பர், தடுப்பூசி எல்லாம் அடங்காது. கடன் அட்டையைத் தேய்க்கத் தொடங்கும் குடும்பங்கள் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. எந்த விலை என்பதைத் தீர்மானிக்க ஒரே ஒரு சோதனை போதும் என்றால், எங்கள் தேர்வு இதுதான்.

ஆகவே வீட்டுத் தவணையும் மற்றக் கடன்களும் ஆறு மாதத்துக்குக் கட்டும் அளவு பணம், செந்தூல் வீட்டுக்கு என்றால் சுமார் 16,000, சாவி வாங்கிய பிறகும் வங்கியில் இருக்க வேண்டும். முன்பணத்தோடு சேர்த்து அதையும் துடைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழையாதீர்கள்.

ரொக்கம் எங்கே போகிறது

முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு 5 லட்சம் வரையிலான வீட்டில் பெயர் மாற்றத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் முத்திரை வரி முழு விலக்கு. 2027 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ரிங்கிட் தாண்டினாலும் விலக்கு போய்விடும். 5.1 லட்சம் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: பெயர் மாற்ற வரி 9,300, கடன் ஒப்பந்தத்துக்கு 0.5 விழுக்காடாக 2,295, மொத்தம் 11,595. விலையில் 10,000 கூடினால் கையிலிருந்து அதற்கு மேலும் 11,595 போகிறது. விலை 5 லட்சத்தை ஒட்டி இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. முத்திரை வரிக்கு ஒப்பந்த விலையையும் அரசாங்க மதிப்பீட்டையும் பார்த்து எது அதிகமோ அதை எடுப்பார்கள். 4.98 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 5.2 லட்சம் என்று மதிப்பிட்டால் சிக்கல். இருவரில் ஒருவர் பெயரில் ஏற்கெனவே வீடு இருந்தாலும், அப்பாவிடமிருந்து வந்த பங்காக இருந்தாலும், வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வழக்கறிஞர் கட்டணம் 2023 ஜூலையிலிருந்து, விலையில் முதல் 5 லட்சத்துக்கு 1.25 விழுக்காடு, அதற்கு மேல் 1 விழுக்காடு. வாங்கும் ஒப்பந்தத்துக்கு ஒரு தடவை, கடன் ஒப்பந்தத்துக்கு ஒரு தடவை, இரண்டுக்கும் 8 விழுக்காடு சேவை வரி. 4 லட்சம் வீட்டுக்கு 10,260. மதிப்பீட்டாளர் கட்டணமும் சில்லறைச் செலவுகளும் 3,000. முன்பணம் 40,000. ஆக அந்த 53,000. பழைய வீட்டுக்கு ஒயரிங், தண்ணீர்க் குழாய், குளியலறை என்று குறைந்தது 20,000 தனியே ஒதுக்குங்கள். வர்ணம் பூசியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், மின் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இபிஎஃப் பணத்தை எடுக்கலாம். 2024 மே முதல் வீட்டுக்கான தொகை இபிஎஃப்பில் அக்காவுன் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து வருகிறது. மாதச் சந்தாவில் 15 விழுக்காடுதான் அங்கே சேர்கிறது. பழைய இரண்டாம் கணக்குக்கு 30 விழுக்காடு போனது. ஒப்பந்தம் கையெழுத்தாகி, கடன் கடிதம் வந்த பிறகுதான் விண்ணப்பம் நகரும். எனவே முன்பணத்தை முதலில் சொந்தக் கையால் கட்டிவிட்டு, பிறகு இபிஎஃப் பணத்தால் அந்த ஓட்டையை அடைப்பதுதான் நடைமுறை. "இபிஎஃப் வரும்" என்று நம்பி கையில் காசில்லாமல் ஒப்பந்தத் தேதியை நெருங்குகிறவர்கள் வட்டிக்காரனிடம் போய் நிற்கிறார்கள்.

எங்கே இடறுகிறது

பழைய வீட்டுக்குப் பொதுவாக 2 அல்லது 3 விழுக்காடு கொடுத்து முன்பதிவு செய்வார்கள், மிச்சத்தைச் சேர்த்து ஒப்பந்தத்தின்போது 10 விழுக்காடு ஆக்குவார்கள். கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்ற வரி அந்த முன்பதிவுக் கடிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். தரகர் வாயால் சொன்னால் போதாது.

அதைவிடப் பெரிய இடறல் மதிப்பீடு. 4.2 லட்சத்துக்கு விலை பேசி முடித்த வீட்டை வங்கி 3.9 லட்சம் என்று மதிப்பிட்டால், கடன் குறைந்த தொகையில் 90 விழுக்காடு, அதாவது 3.51 லட்சம். கையிலிருந்து போட வேண்டியது 42,000 அல்ல, 69,000. முன்பதிவுப் பணம் கொடுக்கும் முன்பே மூன்று வங்கிகளில் வாய்மொழி மதிப்பீடு கேளுங்கள். இலவசமாகச் சொல்வார்கள்.

சுற்றுவட்டாரத்தைவிட விலை மிகக் குறைவாக இருந்தால் நிலப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பூமிபுத்ரா லாட்டாகவோ மலாய் ரிசர்வ் நிலமாகவோ இருந்தால் நாம் வாங்க முடியாது. குத்தகை நிலத்தில் மீதக் காலம் குறையக் குறைய வங்கி பின்வாங்கும், பெயர் மாற்ற ஒப்புதலுக்கும் மாதங்கள் பிடிக்கும். பழைய அடுக்குமாடியில் நிர்வாகக் குழுவிடம் தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். சிங்கிங் ஃபண்டில் பணமில்லாத கட்டடத்தில் லிஃப்ட் மாற்றும் நாளில் எல்லா வீட்டுக்காரர்களிடமும் வசூல் வரும்.

புது வீட்டில் வேறு வலி. அடுக்குமாடிக்கு மேம்பாட்டு நிறுவனம் சாவி கொடுக்க 36 மாதம் வரை ஆகும். கட்டடம் உயர உயர வங்கி பணத்தை விடுவிக்கும், விடுவித்த தொகைக்கு நீங்கள் வட்டி கட்டுவீர்கள். 5.4 லட்சம் கடனில் பாதி போயிருந்தால் மாதம் 900 வட்டி. வாடகை 1,300 அதன் மேல். முன்பணம் வேண்டாம், வழக்கறிஞர் செலவு இலவசம் என்ற விளம்பரங்களில் அந்தச் செலவு பெரும்பாலும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதற்கும் சேர்த்து 35 ஆண்டு வட்டி கட்டுவீர்கள். அதே இடத்தில் ஐந்து வயதான பக்கத்துக் கட்டடத்தின் சதுர அடி விலையைக் கேட்டு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கோலாலம்பூருக்குள் புது வீடே வேண்டும், பட்ஜெட் சிறியது என்றால் அரசாங்கத்தின் மலிவு விலை வீட்டுத் திட்டமான ரெசிடென்சி விலாயாவில் பதிந்து வைக்கலாம். விலை உச்சம் 3 லட்சம். 10 ஆண்டுக்கு விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. சொந்தமாகக் குடியிருக்க வாங்குகிறவருக்கு அது பெரிய குறையல்ல.

எத்தனை ஆண்டு, யார் பெயர்

கடன் 35 ஆண்டு அல்லது 70 வயது, எது முந்துகிறதோ அதுவரை. 32 வயதில் 3.6 லட்சம் கடனைத் தொடங்கினால் 60 வயதில் ஓய்வு பெறும்போது ஏறக்குறைய 1.17 லட்சம் பாக்கி நிற்கும். அதை இபிஎஃப்பிலிருந்து அடைக்கும் திட்டமா என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் பரிந்துரை: செமி ஃபிளெக்சி கடனாக (கூடுதலாகக் கட்டும் பணம் அசலைக் குறைக்கும் வகை) 35 ஆண்டுக்கு எடுங்கள், 30 ஆண்டுத் தவணையைக் கட்டுங்கள். மாதம் 125 ரிங்கிட்தான் கூடுதல், மொத்த வட்டியில் 50,000க்கு மேல் மிச்சம். கஷ்டமான மாதத்தில் அந்த 125ஐ நிறுத்திக்கொள்ளும் உரிமையும் கையில் இருக்கும்.

செந்தூல் வீட்டைக் கணவன் ஒருவர் சம்பளத்திலேயே வாங்க முடியும்: 4,300இல் 60 விழுக்காடு 2,580, கடன்கள் 950 போக 1,630, தவணை 1,594. அப்படிச் செய்தால் மனைவியின் முதல் வீட்டுச் சலுகை பின்னாளுக்கு மிஞ்சும். ஆனால் உயில் எழுதாமல் விடாதீர்கள். முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, பிள்ளைகளும் பெற்றோரும் இருக்கையில் மனைவிக்குக் கால் பங்குதான். பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். இருவர் பெயரிலும் வாங்கினால் கடன் காப்புறுதியும் இருவர் பெயரிலும் இருக்க வேண்டும்.

முன்பதிவுக்குப் போகும் முன் ஆறு மாதம் ஒத்திகை பாருங்கள். 1,300 வாடகை கட்டியது போக, ஏறிய வட்டியிலான செந்தூல் செலவு 2,025க்கு வரும் வித்தியாசம் 725ஐ மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். கொண்டோதான் வேண்டுமென்றால் 1,957ஐப் போடுங்கள். ஆறு மாத முடிவில் முதல் கணக்கில் 4,350, இரண்டாவதில் 11,742 இருக்க வேண்டும். இடையில் எந்த மாதம் அந்தக் கணக்கில் கை வைக்க நேர்ந்தது, எதற்காக என்று குறித்து வையுங்கள். பணம் முழுதாக இருந்தால் வழக்கறிஞர் கட்டணத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.